வைத்துக்கொள்ளலாம், விளையாட முடியாது

எத்தனை வருஷத்துக்கு வேணுமுன்னு பாத்து எடுங்கக்கா, அதுதான் முக்கியம் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் பில் போடுகிற பக்கம் போய்விட்டாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பாத்திரக் கடையில் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுக் குக்கரை எடுத்து வைப்பார்களே, அதே குரல். நஸ்ரின் என்று சட்டையில் பெயர் குத்தியிருக்கிறாள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதிருக்கும். என் முன்னால் கண்ணாடி மேசைமேல் இரண்டு அட்டைப் பெட்டி, கேம்களைச் சேர்த்து வைக்கிற டிரைவ். இரண்டும் சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒன்றுக்குள் தட்டு சுழலுமாம், மற்றதற்குள் எதுவுமே சுழலாதாம். சுழலுவது ஐந்து டீபி, சுழலாதது ஒரு டீபி. விலை ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் அந்தப் பக்கமிருந்து ஒரு முடிவும் கிடைக்காது. அவள் போவதற்கு முன்னாலேயே, டீபி என்றால் எவ்வளவு கண்ணு, எனக்கு மூட்டைக் கணக்கில் சொன்னால்தான் விளங்கும் என்றேன். நஸ்ரின் சிரித்துவிட்டு, ஒரு டீபின்னா பெரிய கேமா பத்து அடுக்கலாங்க்கா, அஞ்சு டீபின்னா அம்பது என்றாள். பத்து கேம். ஐம்பது கேம். என் மகள் இலக்கியாவுக்குப் பதினோரு வயது. ஒரு கேமை முடிக்க அவளுக்கு இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதம் ஆகிறது, ஒரு நாளைக்கு நாற்பது நிமிஷத்துக்கு மேல் கை ஓடாது. அப்படியானால் பத்து கேம் என்பது இரண்டு வருஷம். இந்த இடத்தில்தான் மனசு முள்ளில் மாட்டின முந்தானை மாதிரி நின்றுவிடுகிறது. இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது. எதிர்ச் சுவரில் வரிசையாகப் பதினாறு டிவி. பதினாறிலும் ஒரே மஞ்சள் மீன், சத்தமில்லாமல், ஒரே நேரத்தில் திரும்புகிறது, ஒரே நேரத்தில் வாயைத் திறக்கிறது. எத்தனை வருஷத்துக்கு வேணும். தெரியாது கண்ணு. தெரிந்திருந்தால் நான் இப்படி நின்றுகொண்டிருப்பேனா.

தெரியாது என்று சொல்வதும் பொய்தான். கோயம்புத்தூரில் டாக்டர் சொன்னார். அதுவும் இரண்டு தடவை சொன்னார். எனக்கு எதற்கும் முகம் சிரித்த மாதிரியே இருக்கும், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கும்போதும் அப்படித்தான், இதற்காகவே ஓர் அடி கூட விழும். டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இந்தம்மாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மெதுவாக, தமிழில், மறுபடி சொன்னார். காலில் ஆரம்பித்தது இப்போது கைக்கு வந்திருக்கிறது. கை இன்னும் இரண்டு வருஷம் ஓரளவு வேலை செய்யும், ஸ்பூன் பிடிக்கலாம், பேனா பிடிக்கலாம். அதற்கப்புறம் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் என்ன பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இலக்கியா அப்பா, அவர் பேர் பூபதி, நூல் மில்லில் ஃபிட்டர், எந்த மெஷினானாலும் அதற்கப்புறம் என்ன பண்ணுவது என்று கேட்கிற ஆள், அவரும் கேட்கவில்லை. மூச்சு என்கிற வார்த்தையை டாக்டர் ஒருமுறை ஆரம்பித்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, அதை அப்புறம் பேசிக்கலாம் என்று விட்டுவிட்டார். நாங்கள் வெளியே வந்தபோது இலக்கியா கதவுக்குப் பக்கத்திலேயே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கதவு முழுக்கச் சாத்தியிருந்ததா, ஒரு விரற்கடை திறந்திருந்ததா? வரும்போது நான் கைப்பிடியைத் திருகினேனா, வெறுமனே இழுத்தேனா? இதை எத்தனை நாள் எத்தனை முறை யோசித்திருப்பேன். இட்டிலிக்கு ஊற்றிக்கொண்டே, துணி காயப்போட்டுக்கொண்டே, என் வலது கையை அந்தக் கைப்பிடிமேல் வைத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். கைக்கு ஞாபகமில்லை. இலக்கியா அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு வேணுமென்றாள். இஞ்சி போடச் சொன்னாள். அவ்வளவுதான்.

இந்த கேம் பெட்டி என் தம்பி முரளி கொடுத்தது. பெங்களூரில் வேலை, புதிது வாங்கியதும் இதை எங்களுக்குக் கொண்டுவந்து டிவியில் மாட்டினான். அவன் ரூமில் நெட் வேகம், அங்கேயே கேம்களையெல்லாம் இறக்கி நிறைத்துவிட்டுத்தான் கொண்டுவந்தான். விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கணும் என்று அவள் கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மாவும் சொன்னதால் எனக்கு இரட்டைச் சந்தோஷம். வண்ணப் பந்தை அமுக்குடா என்றால் அமுக்காத பிள்ளை, இதை விடவே மாட்டாள். கொஞ்ச நாளில் விளையாடுகிற ரிமோட்டின் பின்பக்கப் பட்டனை அவளால் இழுக்க முடியவில்லை. ஆள்காட்டி விரல் போய் அதன்மேல் உட்காரும், ஆனால் இழுக்காது. நான் ஐஸ் குச்சி இரண்டை ஒன்றாக வைத்து, சைக்கிள் டியூபை வெட்டி அந்தப் பட்டனோடு இறுக்கிக் கட்டினேன். குச்சி நீளமாக இருப்பதால் விரல் நுனியால் தொட்டாலே போதும், பட்டன் இறங்கும். நெம்புகோல். எட்டாம் வகுப்பில் படித்தது, அதற்கு ஒருநாள் வேலை வரும் என்று யார் நினைத்தார்கள். பூபதி பார்த்துவிட்டு, என்ற மில்லுக்கு வந்துரு மேகலா, எனக்கு அஸிஸ்டெண்ட் இல்ல என்றார். நாங்கள் மூன்று பேரும் அன்றைக்கு நிறையச் சிரித்தோம். இலக்கியாவுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஃபுட்பால் கேம். அதில் நாமே ஓர் ஆளை உண்டாக்கலாம். முகம், முடி, உயரம், காலில் போடும் ஷூவின் நிறம்கூட. அவள் தன் பெயரிலேயே ஒருத்தியை உண்டாக்கினாள், முதுகில் பதினேழாம் நம்பர். மாநிறம், இரட்டைச் சடை கிடைக்கவில்லை, குதிரைவால்தான் இருந்தது. அந்த இலக்கியா ஓடுவாள் பாருங்கள், மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. மூச்சு வாங்கும், குனிந்து முட்டியில் கையை ஊன்றி நிற்பாள், மறுபடி ஓடுவாள். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். சில நாள் சாம்பார் அடிப்பிடித்திருக்கிறது. அப்புறம் அந்த ஆட்டத்துக்கு வேகமாக நாலு பட்டன் சேர்த்து அமுக்க வேண்டியிருந்தது, குச்சி கட்டியும் ஆகவில்லை. மெதுவாக அதை விட்டாள். தோட்டம் வைக்கிற கேம், மீன் பிடிக்கிற கேம் என்று மாறினாள். நாலு மாதம் ஃபுட்பாலைத் தொடவில்லை. தொடவில்லை என்று நான்தான் கணக்கு வைத்திருந்தேன்.

அந்தக் கணக்குதான் என்னைக் கவிழ்த்தது. பத்து நாளைக்கு முன்னால், அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், முரளி போன் பண்ணினான். அக்கா, ஒரு நல்ல கேம் இருக்குது, கை அதிகம் வேண்டாம், சின்னதுதான், உன்ற போன் நெட்லயே ரெண்டு நாள்ல இறங்கிரும், ஆனா பெட்டில எடம் இருக்கோணும் என்றான். நான் டிவியைப் போட்டுப் பார்த்தேன். இடம் இல்லை என்று இங்கிலீஷில் வந்தது, எழுத்துக் கூட்டிப் படித்தேன். எதையாவது அழி என்கிறது. எந்தெந்த கேம் எவ்வளவு இடம், கடைசியாக எப்போது விளையாடியது, எல்லாம் வரிசையாகக் காட்டியது. ஃபுட்பால்தான் எல்லாவற்றிலும் பெரிது. கடைசியாக விளையாடியது மார்கழியில். நான் என்ன பண்ணினேன் என்றால், பிள்ளைக்குச் சின்னதாகிப்போன கவுனைப் பரணிலிருந்து எடுத்து எதிர் வீட்டுச் சுகன்யா பொண்ணுக்குக் கொடுப்பேனே, மழைக்கு முன்னால் அலமாரியை ஒதுக்குவேனே, அதே கையோடு, அதே சுறுசுறுப்போடு, அந்த வரிசையில் போய் நிறுத்தி, அழிக்கவா என்று கேட்டதற்கு ஆமாம் என்று அமுக்கிவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கவுன் சின்னதாவது பிள்ளை வளர்வதால். இது அப்படியில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்திருக்குமோ. உறைத்துத்தான், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று அமுக்கினேனோ. சில வேலைகளை நான் அதிவேகமாகச் செய்வேன், கரப்பான் அடிப்பது, காயத்துக்கு மருந்து வைப்பது, அந்த வேகம் சந்தோஷத்தின் வேகமில்லை என்று எனக்கே தெரியும். அன்றைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் அமுக்கினேன். பாட்டு.

சாயங்காலம் வந்தாள், பால் குடித்தாள், தலையணையை மடியில் வைத்து அதன்மேல் ரிமோட்டை வைத்துக் கொடுத்தேன். வரிசையைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். ஃபுட்பால் எங்கம்மா என்றாள். நான் உற்சாகமாகச் சொன்னேன், மாமா புதுசு ஒண்ணு சொல்லியிருக்கறான் சாமி, எடமில்ல, நீ அதத்தான் இப்ப விளையாடறதில்லயேன்னு எடுத்துட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வழி தெரியும், பதினோரு வருஷமாக அவள் அழுகைக்கெல்லாம் என்னிடம் ஒவ்வொரு வைத்தியம் இருக்கிறது. திரும்பி என்னைப் பார்த்தாள். "எனக்கு முடியாதுன்னு நீயே முடிவு பண்ணிப்போட்டியாம்மா?" என்றாள். கேள்வி மாதிரிகூட இல்லை. பயிற்சி அம்மா நோட்டில் எழுதுவார்களே, இந்த வாரம் இது, போன வாரம் அது, அந்த மாதிரி ஒரு குறிப்பு. அப்புறம் தோட்டத்து கேமைப் போட்டு, தக்காளிக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தாள். நான் உடனே முரளிக்குப் போன் பண்ணினேன், அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு. அவன் சொன்னான், பயப்படாதக்கா, அவ உண்டாக்குன ஆளு, அவ ஆடுன ஆட்டம் எல்லாம் தனியா பத்திரமா உள்ளேயே இருக்குது, கேம் மட்டும்தான் போயிருக்குது. அதாவது பதினேழாம் நம்பர் இலக்கியா பெட்டிக்குள்தான் இருக்கிறாள். மைதானம்தான் போய்விட்டது. ஒரு வெளிடிரைவ் வாங்கி வெச்சிரு, நான் அடுத்த மாசம் வர்றப்ப பெருந்துறையில சிநேகிதன் வீட்டு நெட்ல மாட்டி மறுபடி இறக்கித் தர்றேன், அப்புறம் எதையும் அழிக்கவே வேண்டியதில்ல என்றான். எதையும் அழிக்கவே வேண்டியதில்லை. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பத்து நாளாக இருக்கிறேன். இலக்கியா பேசாமல் இல்லை, பேசுகிறாள், வீட்டுப்பாடம் பற்றி, பள்ளிக்கூடத்துப் பூனை பற்றி. ஆனால் விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி. தண்ணி வேணும்மா என்பவள், கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா என்கிறாள். பெற்ற பிள்ளை மரியாதையாகப் பேசினால் எப்படி வலிக்கும் என்று இதற்குமுன் எனக்குத் தெரியாது.

நஸ்ரின் திரும்பி வந்துவிட்டாள். பாத்துட்டீங்களாக்கா என்றாள். கண்ணு, மறுபடி ஒருக்கா சொல்லேன், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றேன். அவளுக்குப் பொறுமை இருக்கிறது, நன்றாக வரட்டும். கடைக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த சுழலுகிற டிரைவ் ஒன்றைக் காட்டி, கை வெச்சுப் பாருங்கக்கா என்றாள். வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கடியில் ஒரு நடுக்கம், மெல்லியது, நின்றுவிடாமல், தோலுக்கு உள்ளே ஓடுகிற மாதிரி. நான் கையை எடுத்துவிட்டேன். இலக்கியா தூங்கும்போது அவள் விரல்களை என் கைக்குள் வைத்துக்கொள்வேன். நீட்டி வைத்தால் இதே மாதிரிதான், பார்த்தால் தெரியாது, தொட்டால் தெரியும். டாக்டர் முதல்முதலில் அவள் கையை நீட்டச் சொல்லி, ஒரு வெள்ளைத் தாளை விரல்கள்மேல் வைத்து, தாள் நடுங்குவதைத்தான் எங்களுக்குக் காட்டினார். நஸ்ரின் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இது கீழ விழுந்தா போச்சுங்க்கா, ஓடிட்டிருக்கறப்ப அசைக்கவே கூடாது. இந்தச் சின்னது விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது, வேகமும் ஜாஸ்தி. நாங்கள் படிக்கும்போது சயின்ஸ் வாத்தியார், காந்தத்தைக் கீழே போட்டால் அதன் சக்தி போய்விடும் என்பார், நாங்கள் பயந்து பயந்து இரண்டு கையாலும் ஏந்துவோம். எங்கள் வீட்டில் எது விழவில்லை. டம்ளர் விழுகிறது, பேனா விழுகிறது, ரிமோட் விழுகிறது, விழுகிற ஒவ்வொன்றுக்கும் நான் முந்திக்கொண்டு, ஐயோ நான் வெச்ச எடம் சரியில்ல என்று சொல்லிவிடுவேன். சின்னதுதான் சரி. ஆனால் சின்னதில் பத்து கேம்தான். பெரியதில் ஐம்பது. நஸ்ரின் இன்னொன்றும் சொன்னாள், முதலிலேயே சொன்னதுதான், அப்போது காதில் விழவில்லை. நீங்க சொன்ன பேருக்கு, உங்க வீட்டு பெட்டியும் புது வகைதானுங்க்கா. பழைய கேம்னா நேரா இதுல இருந்தே விளையாடலாம். புது கேமை இதுல வெச்சுக்கலாம், விளையாட முடியாது. விளையாடோணும்னா எடுத்து மறுபடி உள்ள போடோணும். எவ்வளவு நேரமாகும் என்றேன். சுழலுகிறதில் கால் மணி நேரம், சுழலாததில் ஐந்து நிமிஷம் என்றாள். ஃபுட்பால் புது கேம்தான். வைத்துக்கொள்ளலாம். விளையாட முடியாது.

வைத்துக்கொள்ளலாம், விளையாட முடியாது. இதைச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் நான் வாங்குவது என்ன. அவளால் முடியாமல் போகிற ஒவ்வொன்றையும் ஒழுங்காக அடுக்கி வைக்க ஒரு பெட்டி. இந்த வருஷம் ஃபுட்பால், அடுத்த வருஷம் மீன் பிடிக்கிறது, அதற்கடுத்து தோட்டம். தக்காளிக்குத் தண்ணீர் விட ஒரே ஒரு பட்டன் போதும், அதுவும் போய் இதற்குள் உட்காரும். ஐந்து டீபி, எல்லாவற்றுக்கும் இடமிருக்கும், எதையும் அழிக்க வேண்டியதில்லை, பெட்டி நிறைய நிறைய அவள் கை காலியாகும். சே, என்ன நினைப்பு இது, பட்டப்பகலில், மீனைப் பார்த்துக்கொண்டு. ஆனால் சின்னதை எடுத்தால்? பத்து போதும், அதற்குமேல் தேவைப்படாது என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடாதா. டாக்டர் சொன்னதை ஒத்துக்கொண்டு வந்து கடையில் பில் போடுகிற மாதிரி. பெரியதில் ஆசை இருக்கிறது, சின்னதில் உண்மை இருக்கிறது என்று ஒரு தரம் தோன்றுகிறது. அடுத்த நிமிஷமே, பெரியதில்தான் பயம் இருக்கிறது, ஒன்றையும் விட மாட்டேன் என்று கட்டிப்பிடிக்கிற பயம் என்று தோன்றுகிறது. வாரண்டி எவ்வளவு கண்ணு என்றேன். ரெண்டுக்கும் மூணு வருஷங்க்கா. மூன்று. எனக்குச் சட்டென்று ஒரு பைத்தியக்காரக் கோபம். ஒரு தகரப் பெட்டிக்கு மூன்று வருஷம் நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க ஒரு கம்பெனி இருக்கிறது. உடைந்தால் புதிது தருவார்களாம். நான் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருக்கிறேன் போலிருக்கிறது, நஸ்ரினும் பதிலுக்குச் சிரிக்கிறாள். எதுக்கா பில் போடட்டும் என்றாள். பெரியதைத் தொட்டேன். சின்னதைத் தொட்டேன். அப்போதுதான் என் கை தெரிந்தது, அந்த வரிசையில் போய் ஃபுட்பால்மேல் நிறுத்தின அதே கை, அதே கட்டைவிரல். மறுபடியும் அவளுக்குத் தெரியாமல், அவளுக்காக, ஒன்றை வைத்து ஒன்றைத் தள்ளப் போகிறேன். பத்து நாள் கழித்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி கொண்டுபோய் நீட்ட, அதே தப்பை அழகாக உறை போட்டு வாங்கப் போகிறேன். இரு கண்ணு, ஒரு போன் பேசிக்கறேன் என்று ஓரமாக, துணி துவைக்கிற மெஷின்கள் பக்கம் போனேன்.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு, இலக்கியா வீட்டில்தான். போன் அவள் மேசையில்தான் இருக்கும், ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசுவாள். அப்பா நைட் ஷிப்ட் முடிந்து உள்ளே தூங்குகிறார் என்பதால் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னம்மா என்றாள். நான் டிரைவ் வாங்க வந்திருக்கிறேன் என்றதும், சந்தைக்குன்னுதானே சொன்னே என்றாள். காலையில் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். நான் அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன், சுழலுவது, சுழலாதது, பத்து, ஐம்பது, கால் மணி, ஐந்து நிமிஷம். பெரிசே எடுத்துறலாம் சாமி, அப்புறம் நீ எதையுமே அழிக்க வேண்டியதில்ல என்றேன். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அது ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"அழிக்கறதுல ஒண்ணுமில்லம்மா. நானே அழிச்சிருப்பேன். அந்த வாரமே அழிக்கலாமுன்னுதான் இருந்தேன். நீ கேட்டிருக்கோணும்."

நான் ம் என்றேன். பத்து நாளாக அந்த மைதானத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்காக நான் துடித்துக்கொண்டிருக்கிறேன். அவளோ அதைத் தானே தன் விரலால் மூட நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசியாக ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டோ, ஆடாமலோ. அவளுடைய சாமானை, அவளுடைய நேரத்தில். பரணை நான் ஒதுக்கிவிட்டேன், அவள் விடைகொடுக்க இருந்த இடத்தை. தப்புதான் சாமி என்றேன், மெஷின் ஒன்றின் கண்ணாடிக் கதவில் என் முகம் வளைந்து தெரிந்தது, சிரிக்கவில்லை. சரி விடு என்றாள், அவள் அப்பா மாதிரியே. அப்புறம் கேள்வி மேல் கேள்வி. சுழலுகிறது சத்தம் போடுமா. தெரியலியே. லைட் எரியுமா, எரிந்தால் என்ன கலர். பார்க்கவில்லை. வயர் எவ்வளவு நீளம், டிவிக்குப் பின்னால் எட்டுமா. அளக்கவில்லை. அந்த வயரைச் சொருகுகிற முனை தள்ளினால் சுலபமாகப் போகிறதா, அழுத்தணுமா. அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. வாரண்டி எத்தனை வருஷம் என்றாள். மூணு என்றேன். சின்ன இடைவெளி. கதவு திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா என்பதற்கான பதில் அந்த இடைவெளியில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். சரி, போதும், அதுக்குள்ள வேற மாடல் வந்துரும் என்றாள்.

"நானே வந்து பாத்து எடுக்கறனே" என்றாள் பிறகு.

கடையில படி இருக்குது சாமி, அதனாலதான் உன்னைக் கூட்டிட்டு வரல என்று உண்மையைச் சொன்னேன். எத்தனை படி என்றாள். போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்குப் போய் எண்ணினேன், ஏழு. கைப்பிடிகூட இல்லை. ஏழும் செங்குத்து. இரண்டு பேர் தூக்கினால் ஏற்றலாம், ஆனால் தூக்குவது அவளுக்குப் பிடிக்காது, ரோட்டில் எல்லோரும் பார்க்க, கால் தொங்க. ஏழு என்று சொன்னேன். அவள் யோசிக்கிறாள் என்று மூச்சிலேயே தெரிந்தது. "அம்மா, அந்தக் கடைக்குள்ள ஃப்ரிட்ஜ் எப்படிப் போகுது? நாலு பேரு படியிலயா தூக்கிட்டுப் போறாங்க? கேட்டுப் பாரு." சொல்லிவிட்டு, அப்பா புரண்டு படுக்கிறார் என்று வைத்துவிட்டாள்.

நஸ்ரினிடம் கேட்டேன். அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை, அப்புறம் விளங்கி, வாங்கக்கா என்று கிடங்கு வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். அட்டைப்பெட்டி வாசனை, தெர்மாகோல் தூள் காலடியில் நொறுங்குகிறது, குளிர் போய் வெயில் முகத்தில் அடிக்கிறது. பின்பக்கச் சந்து. அங்கே ஷட்டருக்கு அடியிலிருந்து தரைவரை சிமெண்டுச் சரிவு ஒன்று இறங்குகிறது. லோடு வண்டிச் சக்கரம் ஏறி ஏறி நடுவில் இரண்டு கறுப்புத் தடம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் இறங்கிப் பார்த்தேன். சாய்வு அதிகமில்லை. அகலத்தை அடி வைத்து அளந்தேன், நாற்காலி தாராளமாகப் போகும், இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம். கீழ்முனையில் சிமெண்டு பெயர்ந்து ஒரு குழி, அங்கே மட்டும் முன்சக்கரத்தைத் தூக்கி வைக்க வேண்டும், அதை அவளிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். திரும்பி மேலே ஏறினேன். கையில் ஒன்றுமில்லாமலே, தள்ளுகிறவள் மாதிரி கொஞ்சம் முன்னால் சாய்ந்து ஏறினேன். மேலே நஸ்ரின் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்ப எதுக்கா பில் என்று மறுபடி கேட்டாள், பாவம், அவளுக்கும் ஒரு முடிவு தெரிய வேண்டுமே.

"ரெண்டையும் எடுத்து வையுங்க கண்ணு. வாங்கறவங்க சாயங்காலம் வர்றாங்க."

"யாருங்க்கா?"

"எம் பொண்ணு. மத்தியானம் நல்லா சாப்பிட்டுட்டு இருங்க, அவ நெறையக் கேள்வி கேப்பா."